அமுதம் ஏறினால் நிற்கும் கார்

அமுதம் ஏறி உட்கார்ந்தால் சிவப்புக் கார் நின்றுவிடும். அமுதம் ஏறாவிட்டால் ஓடும்.

ஏறிய உடனே நின்றிருந்தால் யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். அப்படி இல்லை. ஒழுங்காகக் கிளம்பும். பாகூர் ஏரிக்கரை மேல் ஏறும். பனைமரங்களைத் தாண்டி மூன்று மைல் வரைக்கும் நல்ல பிள்ளையாகப் போகும். பிறகு இரண்டு தரம் இருமும், ஒரு தரம் விக்கும், நின்றுவிடும். டிரைவர் சூசைநாதன் இறங்கிப் பானெட்டைத் திறந்து, கால் மணி நேரம் எதையாவது கழற்றி மாட்டினால் மறுபடி கிளம்பும். மறுபடி மூன்று மைல். மறுபடி இருமல். மறுநாள் அமுதத்தை வீட்டில் விட்டுவிட்டு அவள் புருஷன் குழந்தைவேல் மட்டும் ஏறினால், அதே கார் அதே சாலையில் முப்பது மைல் போய்த் திரும்பி வரும், தும்மல்கூடப் போடாமல்.

அது 1931ஆம் வருஷம், மாசி மாதம். கரும்பு வெட்டி முடிந்திருந்தது. குழந்தைவேலுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்டால் "அவசரத்துக்கு ஒதவும்" என்பார். அவருடைய நாற்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் எந்த அவசரமும் அவரைத் தேடி வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

நெல் அடிக்கிற களத்தில் இப்போது இரண்டு கார்கள் நின்றன. சிவப்பு, பிரெஞ்சுக்காரன் செய்தது. புதுச்சேரியில் வக்கீலாக இருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பல் ஏறப்போகிறார், அவருடையது. பச்சை, இங்கிலீஷ்காரன் செய்தது. கடலூரில் இருந்த ஒரு எஞ்சினியர் துரைக்குச் சொந்தம், அவரும் மாற்றலாகிப் போகிறார். இரண்டு பேருமே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை பதில் சொல்லவேண்டும். எது வேண்டாமோ அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

குழந்தைவேல் கார்களை ஒப்பிட்ட முறை அவருக்கே உரியது. முதலில் ஹாரன். இரண்டையும் ஏரிக்கரையில் நிறுத்தி அடித்துப் பார்த்தார். சிவப்புக்கு இரண்டு எருமைகள் தலை தூக்கின. பச்சைக்கு ஐந்து எருமைகள் தண்ணீரைவிட்டு வெளியே வந்தன. அடுத்தது புழுதி. எந்தக் கார் அதிகம் கிளப்புகிறது என்று கோயில் பக்கம் நின்று பார்த்து, இரண்டும் சமம் என்று தீர்ப்புச் சொன்னார், தலைமுடி செம்மண்ணாக. அடுத்தது வேகம். இதில்தான் வினை வந்தது. சிவப்புக் காரின் முள் தொண்ணூறு காட்டியது. பச்சைக் காரின் முள் அறுபதுக்கு மேல் போகவில்லை.

"செவப்புதான் வாங்கறோம்" என்றார் குழந்தைவேல். "தொண்ணூறுடா! அறுவதுக்கும் தொண்ணூறுக்கும் எம்மாந் தூரம்!"

சூசைநாதன் பொய் சொல்லத் தெரியாதவன். புதுச்சேரியில் ஒரு மில்லில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக் கற்றுக்கொண்டு வந்தவன். எந்தப் பொருளைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

"மொதலாளி, செவப்பு வண்டி பிரெஞ்சுக் கணக்குல எண்ணுது, கிலோமீட்டர்ல. பச்சை வண்டி இங்கிலீஷ் கணக்குல, மைல்ல. ஒரு மைலுன்னா ஒன்னரை கிலோமீட்டருக்கு மேல. அந்த அறுவது மைல இந்தக் கணக்குல சொன்னா தொண்ணூத்தாறு. பச்சைதான் வேகம்."

குழந்தைவேல் கொஞ்ச நேரம் இரண்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து ஊருக்குப் போவதற்குள் பிரெஞ்சு ராஜ்ஜியமும் இங்கிலீஷ் ராஜ்ஜியமும் இரண்டு தரம் மாறுகிற நாட்டில் வாழ்ந்தும், ஒரு மனுஷனின் வேகம்கூட எல்லைக்கு எல்லை மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவர் மனசு பச்சைக்குப் போய்விட்டது.

இதில் அமுதத்துக்கு என்ன வந்தது என்றால், பச்சைக் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் டிரைவர் சூசைநாதன், இன்னொன்றில் குழந்தைவேல். அவ்வளவுதான். சிவப்பில் முன்னால் இரண்டு, பின்னால் தோல் மெத்தை வைத்து இன்னும் இரண்டு. அமுதத்தின் பிறந்த வீடு செல்லிப்பட்டு. மாட்டு வண்டியில் விடியலில் கிளம்பினால் பொழுது சாயும்போது போய்ச் சேரலாம். அதனால் அவள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் போவாள். காரில் ஒரு மணி நேரம். இன்னொன்றும் உண்டு. கார் வாங்குகிற கரும்பு, சங்கராபரணி ஆற்றங்கரையில் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த நிலத்தில் விளைந்தது.

"என் கரும்புல காரு வாங்கி, எனக்கு அதுல எடம் இல்லன்னா இன்னா நாயம்?" என்றாள்.

"ஒனக்கு மாட்டு வண்டி இருக்குதேடி. நெழலு, வைக்கோல் மெத்தை, மாரிமுத்து ஓட்டறான். அது இன்னா கொறைச்சல்?"

போதாததற்கு, பச்சைக் காரைச் சோதிக்கிறேன் என்று சொல்லிக் குழந்தைவேல் செல்லிப்பட்டுக்கே போய்விட்டு வந்தார், பெண்டாட்டி இல்லாமல். மாமியார் தையலம்மாள் மீன் குழம்பு வைத்துப் போட்டிருந்தாள். திரும்பி வந்து ஏப்பம் விட்டபடி "ஒங்கம்மா ஒன்ன விசாரிச்சாங்க" என்றார். அமுதம் அன்று ராத்திரி அவருக்கு ரசம் மட்டும் ஊற்றினாள்.

ஆனாலும் ஒரு வாக்கு வாங்கிவிட்டாள். சிவப்புக் கார் அவளை ஏற்றிக்கொண்டு செல்லிப்பட்டுக்கு நிற்காமல் போனால் சிவப்பு. வழியில் நின்றால் பச்சை.

நின்றது. அதுதான் முன்னாலேயே சொன்னேன்.

முதல் தடவை திங்கட்கிழமை. அமுதம் குளித்து, பட்டுப் புடவை கட்டி, முறுக்குக் கூடையோடு வந்தாள். எந்த வண்டியிலும் ஏறுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பழக்கம். மாட்டு வண்டியாக இருந்தால் ஏர்க்கால் நுனியில் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பாள். இந்தக் காரின் நுனியில், ரேடியேட்டர் மூடிக்கு மேலே, வெள்ளியில் ஒரு பெண் பொம்மை கைகளை விரித்துக்கொண்டு நின்றது. உடம்பில் ஒரு நூல் இல்லை.

"இத்தப் போயி எப்பிடி கும்புடறது?" என்றாள் அமுதம்.

"அது கலைடி" என்றார் குழந்தைவேல்.

அமுதம் கலைக்கு ஒரு துண்டுத் துணியைப் பாவாடையாகக் கட்டிவிட்டாள். பொட்டை வேறு இடத்தில் வைத்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு பித்தளை வட்டம் இருந்தது. பார்த்தால் நெற்றி மாதிரியே இருந்தது. அதன் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

அன்று பாதி வழியில் இருக்கிற மதகடிப்பட்டு போவதற்குள் நான்கு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் சூசைநாதன் முறைப்படி பார்த்தான். எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும். நெருப்பு, காற்று, பெட்ரோல். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், நீலமாகப் பொறி விழுந்தது. காற்று போகிற வாயில் புழுதி இல்லை. கார்புரேட்டரைத் திறந்தால் அதில் பெட்ரோல் இல்லை. குழாயில் அடைப்பு என்று குழாயைக் கழற்றி ஊதினான். அடைப்பு இல்லை. கடைசியாக, டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று அந்தப் பித்தளை மூடியைத் திருகித் திறந்து, குச்சி விட்டுப் பார்ப்பான். பாதி டாங்கு இருந்தது. மூடியைப் போட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கார் கிளம்பிவிடும். குழாயை ஊதியதால்தான் கிளம்பியது என்று அடுத்த மூன்று மைலுக்கு அவன் நம்புவான்.

நான்காவது முறை நின்றதும் குழந்தைவேல் மாட்டு வண்டிக்கு ஆள் அனுப்பினார். மாரிமுத்து காளைகளோடு வந்து, கயிறு கட்டி, இழுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் சிரித்தபடி போனான்.

"இன்னாப்பா டிரைவரு, எம்மாடு நின்னா நான் வாலை முறுக்குவேன். ஒன் மாட்டுக்கு வாலு எந்தப் பக்கம்?"

"அது நிக்கல. மூச்சு வாங்குது" என்றான் சூசைநாதன். அவன் எவ்வளவு சரியாகச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

அன்று மாலை வழக்கம்போல் காரைக் கழுவி, பித்தளையை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தான். மறுநாள் குழந்தைவேல் தனியாகப் போனார். ஓடியது.

புதன்கிழமை இரண்டாவது தடவை. "பெட்ரோல் கம்மியா இருந்திருக்கும்" என்று குழந்தைவேல் டாங்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னார். அமுதம் பொட்டு வைத்தாள், ஏறினாள். கார் மூன்று மைல்கூடப் போகவில்லை. ஏரிக்கரை முடிவதற்குள், அரை மைலில் நின்றது. பெட்ரோல் கூடினால் தூரம் குறைகிறது! சூசைநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கனந்தான் ஆண்டே" என்றான் கயிறோடு வந்த மாரிமுத்து, அமுதத்தின் காதில் விழுகிற மாதிரி. "அம்மா ஏறுனா வண்டி தாங்கல."

 வியாழக்கிழமை காலை அமுதம் சூசைநாதனைக் கூப்பிட்டு, பின்சீட்டில் இரண்டு மூட்டை நெல் ஏற்றி மதகடிப்பட்டுவரை போய்வரச் சொன்னாள். நெல் மூட்டைக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. கார் போனது. அங்கே சூசைநாதன் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்துக்கொண்டு, நிற்காமல் திரும்பி வந்தான்.

"பாத்தீங்களா, கனம் இல்ல" என்றாள் அமுதம்.

"பாத்தேன்" என்றார் குழந்தைவேல். "ரெண்டு மூட்டை நெல்ல ஏத்திக்கினு கழுதை மாதிரி ஓடுது. ஒன்ன ஏத்தினா ஓடல. அப்ப கனமில்ல, ராசி. நாளைக்கு ஒரு தபா பாப்பம். நின்னுச்சுன்னா சனிக்கிழம செவப்ப அனுப்பிட்டுப் பச்சைய வாங்கறேன். அப்பறம் என்னக் கேக்கக்கூடாது."

அமுதம் அன்று சாயங்காலம் களத்தில் சூசைநாதன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் பித்தளைக்குப் புளி தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சூசை, பெட்ரோலு எப்பிடி எஞ்சினுக்குப் போவுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவன் புளியைக் கீழே போட்டான். "ரெண்டு வண்டியும் ரெண்டு விதம்மா. பச்சைக்கு டாங்கு பின்னால, தாழ கீது. கெணத்துப் பாசனம் மாதிரி. தானா மேல வராது. உள்ள ஒரு கைப்பம்பு கீது, அத்த அடிச்சா டாங்குல காத்து ஏறி, பெட்ரோல மேல தள்ளும். செவப்பு ஏரிப் பாசனம். டாங்கு ஒசரத்துல, எஞ்சினு பள்ளத்துல. மதகத் தொறந்தா தண்ணி வயலுக்கு எறங்கற மாதிரி, பெட்ரோலு அதும்பாட்டுக்கு எறங்கும். பம்பு கிம்பு ஒன்னும் வாணாம். ரொம்ப நல்ல ஏற்பாடு."

"அப்ப ஏன் எறங்கல?"

சூசைநாதன் புளியை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை. முந்தின நாள் ஓட்டத்தில் டாங்கு மறுபடி பாதிக்கு இறங்கியிருந்தது. மாரிமுத்துவை விடியலிலேயே கயிறோடும் காளைகளோடும் முன்னால் அனுப்பிவிட்டார்கள். எப்படியும் மூன்றாவது மைலில் நிற்கப்போகிற காருக்குப் பின்னால் ஓடிவருவதைவிட, மூன்றாவது மைலில் போய்க் காத்திருப்பது சுலபம் என்று குழந்தைவேல் கணக்குப் போட்டார். அமுதம் என்றைக்கும்விடப் பெரிதாகவே பொட்டு வைத்தாள். கும்பிட்டாள். ஏறினாள்.

மூன்றாவது மைல், இங்கிலீஷ்காரனின் சுங்கச் சாவடிக்கு நூறு அடி முன்னால் வந்தது. கார் இருமியது, விக்கியது, நின்றது. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த மாரிமுத்து எழுந்து கயிற்றை உதறினான்.

"கட்டட்டுமா ஆண்டே?"

அதற்குள் சாவடிக்காரர் வந்துவிட்டார். காக்கித் தொப்பி, தொப்பிக்குப் பொருத்தமில்லாத பெரிய மீசை. பிரெஞ்சு ராஜ்ஜியத்தில் சாராயம் மலிவு, இந்தப் பக்கம் விலை அதிகம். ஆகவே அவருக்கு எல்லா வண்டிமேலும் சந்தேகம். சாவடியைப் பார்த்ததும் நிற்கிற வண்டிமேல் பெரிய சந்தேகம்.

"இன்னாய்யா, என்னப் பாத்ததும் நின்னுட்டீங்க? உள்ள இன்னா சரக்கு?"

"சரக்கு இருந்தா நிக்காம ஓடியிருப்பமே" என்றார் குழந்தைவேல். "காரு ரிப்பேரு."

"நேத்து இதே காரு நெல்லு மூட்டையோட என் மூக்குக்கு முன்னால போயிட்டு வந்துச்சு. இன்னிக்கு மட்டும் ரிப்பேரா?"

"அதத்தான் நாங்களும் அஞ்சு நாளா கேட்டுகினு இருக்கோம்."

சாவடிக்காரர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். முறுக்குக் கூடையைத் திறந்து, பரிசோதனைக்காக ஒன்றை எடுத்துக் கடித்தார். பொம்மையின் பாவாடையைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பித்தளை மூடியைத் தட்டினார்.

"இதுல?"

"பெட்ரோலு."

"போன மாசம் ஒருத்தன் இப்பிடித்தான் பெட்ரோலுன்னான். மோந்து பாத்தா பட்டைச் சாராயம்."

குனிந்து, மூக்கைப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகச் சத்தம் வந்தது. சாவடிக்காரர் இரண்டடி பின்னால் குதித்தார்.

"யோவ்! உள்ள பாம்பு கீதுய்யா!"

மாரிமுத்து சிரித்தான். குழந்தைவேல் சிரித்தார். அமுதம் சிரிக்கவில்லை. இறங்கி வந்தாள்.

"சூசை, இன்னா சத்தம் அது?"

"மூடி தொறக்கச்ச வர்ற சத்தம்மா. குச்சி வுட்டுப் பாக்கச்ச எப்பவும் வரும்."

"எப்பவுமா? நேத்து நெல்லு மூட்ட ஏத்திக்கினு போனியே, மதகடிப்பட்டுல தொறந்தப்ப வந்துச்சா?"

சூசைநாதன் யோசித்தான். கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. "இல்லம்மா. வரல."

"அவரு தனியா போனப்ப?"

"வரல."

"நான் வந்தா மட்டும் வருது."

"ஒன்னப் பாத்துப் பெருமூச்சு வுடுதுடி" என்றார் குழந்தைவேல்.

அமுதம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாவடிக்காரரைப் பார்த்தாள். "நீங்கதான் பக்கத்துல மூஞ்சிய வச்சிருந்தீங்க. காத்து வெளிய அடிச்சுதா, உள்ள இழுத்துச்சா?"

சாவடிக்காரர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "உள்ளதாம்மா. மீசையப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு."

"மூடியக் குடுங்க."

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் பொடியாக ஒரு துளை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். துளையில் வெளிச்சம் வரவில்லை. மேல்பக்கம் திருப்பினாள். காய்ந்து இறுகிய சந்தனம். அதன்மேல் குங்குமம்.

அவள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றித் துளையில் விட்டுக் குடைந்தாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. மறுபடி வெயிலில் பிடித்தாள். அவள் உள்ளங்கையில் கடுகளவு வெளிச்சம் விழுந்தது.

"சூசை, கெரசின் டின்னு வாங்கியாந்தா எத்தினி ஓட்ட போடுவாங்க?"

"ரெண்டும்மா. ஊத்தறதுக்கு ஒன்னு, எதிர்மூலையில ஒன்னு."

"எதிர்மூலையில எதுக்கு?"

சூசைநாதன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "காத்து போறதுக்கு…"

"ஒரு ஓட்ட மட்டும் போட்டா எண்ணெய் மொடக்கு மொடக்குன்னு ரெண்டு தரம் வுழுந்துட்டு நின்னுபூடும். நேத்து ஏரி, மதகுன்னு அழகா சொன்னியே. ஏரிக்கு எவன்டா மூடி போட்டான்?"

விஷயம் இதுதான். டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, இறங்கிய இடத்தை நிரப்ப மேலேயிருந்து காற்று வரவேண்டும். அதற்காகத்தான் மூடியில் அந்தத் துளை. துளையை அடைத்துவிட்டால், உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்றே இழுபட்டு நீண்டு, இளைத்துப்போகும். இளைத்த காற்று பெட்ரோலை மேலே பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. பாதி டாங்கில் மேலே காற்று நிறைய இருக்கும், அது இளைப்பதற்கு மூன்று மைல் ஆகும். கழுத்துவரை நிரப்பிய டாங்கில் காற்று ஒரு கைப்பிடிதான், அரை மைலில் இளைத்துவிடும். அதனால்தான் பெட்ரோல் கூடியபோது தூரம் குறைந்தது. சூசைநாதன் ஒவ்வொரு முறையும் குச்சி விட மூடியைத் திறந்தபோது வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது, கார் பிழைத்தது. அவன் குழாயை ஊதியதெல்லாம் வீண். மாலையில் புளி போட்டுத் தேய்த்தபோது பொட்டோடு அடைப்பும் போனது, மறுநாள் ஓடியது. பச்சைக் காருக்கு இந்தத் தொல்லை வர வழியில்லை. அதன் மூடியில் துளையே கிடையாது, காற்றைப் பம்பு கொடுக்கிறது.

குழந்தைவேலுக்கு இதில் ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது.

"அப்ப ஒன்னாலதான் நின்னுச்சு!"

"ஆமா. என் பொட்டால நின்னுச்சு. என் கனத்தால இல்ல, என் ராசியால இல்ல. ஏறுங்க."

மாரிமுத்து கயிற்றைச் சுருட்டினான். "அப்ப நான் எதுக்கு ஆண்டே வந்தேன்?"

"இந்தா, முறுக்கு தின்னுகினு வூட்டுக்குப் போ" என்றாள் அமுதம். "கனமா இருக்காது."

கார் மதகடிப்பட்டுவரை நிற்காமல் போனது. கடைத்தெருவைத் தாண்டியதும் அமுதம் நிறுத்தச் சொன்னாள். குழந்தைவேலுக்கு உயிரே போய்விட்டது.

"ஓடற காரை ஏன்டி நிறுத்தற?"

"ஓடுனா மட்டும் போதாது. அடைச்சா நிக்கணும். அப்பதான் இதுதான் காரணம்னு தெரியும். இல்லன்னா நாளைக்கு நீங்க வேற எதையாவது சொல்லுவீங்க."

சிமிழிலிருந்து சந்தனம் எடுத்து, தண்ணீர் தொட்டுக் குழைத்து, துளையை அழுத்தி அடைத்தாள். சூசைநாதன் ஓட்டினான். அவனுக்கு அன்று கல்யாண மாப்பிள்ளை முகம். மூன்று மைலில் கார் இருமியது, விக்கியது, நின்றது. மூன்று பேருமே காத்திருந்து கேட்ட இருமல் அது ஒன்றுதான். அமுதம் இறங்கி, மூடியைத் தொடாமல், துளையில் மட்டும் ஊக்கை விட்டாள். மெல்லியதாக ஒரு சீட்டி அடித்தது. சீட்டி அடங்கியதும் சூசைநாதன் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

செல்லிப்பட்டில் தையலம்மாள் வாசலுக்கு வந்து, மகளையும் மருமகனையும் பார்த்து, பிறகு பாவாடை கட்டிய வெள்ளிப் பொம்மையைப் பார்த்து, "இது யாரு?" என்றாள். மறுபடி மீன் குழம்பு. இந்தத் தடவை அமுதமும் சாப்பிட்டாள், இரண்டு தடவை போட்டுக்கொண்டு.

கை கழுவும்போது குழந்தைவேல் தொண்டையைச் செருமினார். "நான் மொதல்லயே சொன்னேன், செவப்புதான் வாங்கணும்னு. தொண்ணூறு காட்டுதேன்னு."

"சொன்னீங்க" என்றாள் அமுதம்.

"பச்சை இன்னா, எருமை தொரத்தறதுக்குத்தான் லாயக்கு."

"ஆமா. ஆனா திரும்பறச்ச நான் முன்னால உக்காரணும். மூடிய ஒரு ஆளு பாத்துகினு இருக்கணுமில்ல?"

குழந்தைவேல் சூசைநாதனைப் பார்த்தார். சூசைநாதன் வேறு பக்கம் பார்த்தான். பின்சீட்டின் தோல் மெத்தை நன்றாகத்தான் இருந்தது என்று குழந்தைவேல் பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

சனிக்கிழமை பச்சைக் கார் கடலூருக்குத் திரும்பிப் போனது. அன்றிலிருந்து அமுதம் பொட்டை மூடியில் வைப்பதில்லை. முன்விளக்கு இரண்டின் விளிம்பிலும் ஆளுக்கொன்றாக வைக்கிறாள். பிறகு பெட்ரோல் மூடியின் துளையில் ஊக்கை ஒருமுறை விட்டு எடுத்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுகிறாள். கார் நிற்பதில்லை.